ஆளுமை வகை பார்த்துப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் சேரும்போதே துறையை முடிவு செய்துவிட வேண்டியதில்லை. முதன்மைப் பாடம் எது என்பதைப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் அறிவித்தால் போதும். அதுவரை முடிவெடுக்க முடியாமல் தடுமாறும் மாணவர் கல்லூரியின் தொழில் வழிகாட்டு மையத்துக்குப் போனால், ஆலோசகர் எடுத்துக் கொடுப்பது பல வேளைகளில் ஒரு வினாத்தாளாக இருக்கும். புதியவர்களோடு பேசுவது பிடிக்குமா, பழுதான இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது பிடிக்குமா என்பது போன்ற கேள்விகளுக்கு விடையளித்தால், சில எழுத்துகளாலான ஒரு குறியீடும், அதற்குப் பொருந்தும் என்று சொல்லப்படும் பாடங்கள், வேலைகளின் பட்டியலும் கிடைக்கும். இணையத்தின் வழியாக நம் மாணவர்களும் இப்போது இவற்றை நிரப்பிப் பார்க்கிறார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், இவற்றில் அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு குடும்பங்கள் உண்டு. புகழில் முந்தியது ஒன்று. நம்பகத்தில் முந்தியது மற்றொன்று.

புகழ்பெற்றது மையர்ஸ்–பிரிக்ஸ் வகை காட்டி. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் முன்வைத்த உளவியல் வகைகளைப் படித்து ஈர்க்கப்பட்ட கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் அதை உருவாக்கினார்கள். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டறியும் நோக்கத்தோடு இசபெல் கேள்விகளை எழுதத் தொடங்கினார். ஊக்கம் கூட்டத்தில் பிறக்கிறதா, தனிமையில் பிறக்கிறதா. கண்முன் உள்ள விவரங்களை நம்புபவரா, அவற்றுக்கு இடையிலான தொடர்புகளைத் தேடுபவரா. தர்க்கத்தைக் கொண்டு முடிவெடுப்பவரா, மனிதர்களை எண்ணி முடிவெடுப்பவரா. வேலையைத் திட்டமிட்டு முடிப்பவரா, கடைசி வரை இடம் விட்டு வைப்பவரா என நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டில் ஓர் எழுத்து கிடைப்பதால் மொத்தம் 16 வகைகள்.

சிக்கல் அந்த எழுத்திலேயே இருக்கிறது. ஊர் மக்கள் அனைவரின் உயரத்தையும் அளந்துவிட்டு, 160 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களுக்கு 'நெட்டை' என்றும் மற்றவர்களுக்கு 'குட்டை' என்றும் முத்திரை குத்தினால், 159 உள்ளவரும் 161 உள்ளவரும் எதிரெதிர் வகைக்குப் போவார்கள். 161 உள்ளவரும் 190 உள்ளவரும் ஒரே வகையில் நிற்பார்கள். மனிதர்கள் உண்மையிலேயே இரண்டு வகையினர் என்றால், மதிப்பெண்களை வரைபடமாக்கும்போது நடுவில் பள்ளமும் இரு பக்கமும் மேடும் தெரிய வேண்டும். ஆனால் இந்த அளவுகோல்களில் கிடைப்பது நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும் ஒற்றை மேடு. அதாவது, பெரும்பாலானவர்கள் எங்கே திரண்டு நிற்கிறார்களோ, அங்கேதான் கோடு கிழிக்கப்படுகிறது. தூக்கம் கெட்ட ஒரு காலையில் இரண்டு கேள்விகளுக்கு விடை மாறினால் எழுத்தும் மாறிவிடும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். சில வாரங்கள் கழித்து மீண்டும் தேர்வெழுதும்போது ஓர் எழுத்து மாறாமல் இருக்கும் வாய்ப்பு 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் அது நல்ல எண்தான். ஆனால் நான்கு எழுத்துகளும் ஒருசேர மாறாமல் இருக்கும் வாய்ப்பு 0.85 என்பதை நான்கு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 52 விழுக்காடு. எனவே, சில வார இடைவெளியில் மீண்டும் எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுவதாக ஆய்வுகள் சொல்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நான்காண்டுப் படிப்பை அடுத்த மாதம் மாறக்கூடிய ஒரு குறியீட்டின் மேல் கட்டுவது எவ்வளவு சரி என்பதை வாசகரே எடை போட்டுக்கொள்ளலாம். தொழில் ஆலோசனையில் இத்தேர்வைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்குத் தரமான ஆய்வுகள் இல்லை என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு 1991இலேயே கூறிவிட்டது. ஆட்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை விற்கும் நிறுவனமும் சொல்கிறது.

ஆனாலும், முடிவைப் படிக்கும் பலர் 'அப்படியே என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது' என்று உணர்கிறார்கள். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1949இல் வெளியிட்ட சோதனை இதை ஓரளவு விளக்குகிறது. தம் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு தேர்வை நடத்திவிட்டு, சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே விவரிப்பை அனைவருக்கும் 'உங்கள் முடிவு' என்று கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் அளித்த மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26.

அதற்காக மையர்ஸ்–பிரிக்ஸ் அளவுகோல்கள் வெறுமையானவை என்று தள்ளிவிடவும் முடியாது. ராபர்ட் மெக்ரேயும் பால் கோஸ்டாவும் 1989இல் காட்டியபடி, அந்த நான்கும் இன்றைய ஆளுமை ஆய்வின் அடித்தளமான ஐந்து பண்புகளில் நான்கோடு தொடர்புடையவை: புறமுகத்தன்மை, புதியனவற்றுக்கான திறந்த மனம், இணக்கம், கடமையுணர்வு. விடுபட்டுப் போனது உணர்ச்சிச் சமநிலை. ஆகவே, எண்ணில் செய்தி உண்டு. எண்ணை எழுத்தாக்கும்போதுதான் அது தொலைகிறது. ஆனால் அந்த எண்களும் துறையைத் தேர்ந்தெடுக்க அவ்வளவாக உதவுவதில்லை. கடமையுணர்வு மிகுந்தவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில் பிரிவுகளிலும் நன்றாகச் செயல்படுகிறார்கள் என்று மரே பேரிக்கும் மைக்கேல் மவுண்டும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டார்கள். எந்த வேலைக்குப் போனாலும் பயன்படும் ஒரு பண்பு, இந்த வேலையா அந்த வேலையா என்ற கேள்விக்கு விடை சொல்லாது.

'இந்த வகையினருக்கு ஏற்ற தொழில்கள்' என்று வரும் பட்டியல்களிலும் ஒரு பொறி உண்டு. மக்கள்தொகையில் 5 விழுக்காடாக உள்ள ஒரு வகையினர் பொறியாளர்களிடையே 10 விழுக்காடாக இருக்கிறார்கள் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 'இருமடங்கு' என்ற சொல் ஈர்க்கத்தான் செய்யும். ஆனால் மீதமுள்ள 90 விழுக்காட்டுப் பொறியாளர்கள் வேறு வகையினர். மேலும், இத்தகைய பட்டியல் ஒரு தொழிலில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுமே தவிர, அவர்களில் யார் திறமையாகவோ நிறைவாகவோ இருக்கிறார்கள் என்று சொல்லாது.

இரண்டாவது குடும்பம் ஆளுமையை விட்டுவிட்டு ஆர்வத்தை அளக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்ட வினாத்தாளின் நுட்பம் எனக்கு இன்றும் அழகாகத் தோன்றுகிறது. 'நீ பொறியாளர் ஆக விரும்புகிறாயா' என்று அவர் கேட்கவில்லை. பள்ளிப் பாடங்கள், பொழுதுபோக்குகள், வேலைகள், பலவகை மனிதர்கள் எனப் பலவற்றை வரிசையாக வைத்து, பிடிக்கும், பிடிக்காது, இரண்டுமில்லை என்று குறிக்கச் சொன்னார். அதே தாளை, தொழிலில் நிலைத்துவிட்ட பொறியாளர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நிரப்பியிருந்தார்கள். பொதுமக்களின் விடையிலிருந்து பொறியாளர்களின் விடை எந்தெந்தக் கேள்விகளில் விலகுகிறதோ, அந்தக் கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண். ஒரு குறிப்பிட்ட விருப்பம் ஏன் பொறியாளர்களிடம் அதிகம் என்ற விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. வேறுபாடு இருப்பதே போதுமானதாக இருந்தது. இந்த முறைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஏற்கெனவே உள்ளவர்களை அளவாகக் கொள்வதால், அன்றைய சமூகத்தின் வேலைப் பிரிவினையும் கூடவே வந்துவிடுகிறது. ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு இளஞ்சிவப்புத் தாள் என்று தனித்தனியாக இருந்த அந்தத் தேர்வு, 1974இல்தான் ஒன்றாக்கப்பட்டது.

ஸ்ட்ராங் தராத கோட்பாட்டை ஜான் ஹாலண்ட் தந்தார். போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் சேருபவர்களிடம் நேர்காணல் நடத்திய அவர், அவர்களின் வேலை வரலாறுகள் சில வகைகளுக்குள் அடங்குவதைக் கவனித்தார். 1959இல் வெளியான அவருடைய கோட்பாட்டில் வகைகள் ஆறு: கருவிகளோடும் பொருள்களோடும் கைவேலை செய்யும் செயல்முறை வகை, கேள்வி எழுப்பி விடை தேடும் ஆய்வு வகை, கலை வகை, கற்பித்தும் பராமரித்தும் மகிழும் சமூக வகை, பிறரை இணங்கவைத்து வழிநடத்தும் முனைவு வகை, கணக்கும் ஆவணமும் ஒழுங்கும் விரும்பும் ஒழுங்குமுறை வகை. இதே வரிசையில் இவற்றை ஓர் அறுகோணத்தின் மூலைகளில் நிறுத்தினால், பக்கத்து மூலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எதிர் மூலைகள் மிகவும் விலகியிருக்கும். செயல்முறைக்கு எதிரே சமூகமும், ஆய்வுக்கு எதிரே முனைவும், கலைக்கு எதிரே ஒழுங்குமுறையும் நிற்கின்றன.

ஹாலண்டின் கூர்மை, மனிதருக்குக் கொடுத்த அதே எழுத்துகளைப் பணிச்சூழலுக்கும் பாடத்துறைக்கும் கொடுத்ததில் இருக்கிறது. ஒரு துறையின் இயல்பைத் தீர்மானிப்பது அதில் உள்ள மனிதர்களே என்று அவர் வாதிட்டார். ஆகவே மாணவருக்கு இரண்டோ மூன்றோ எழுத்து, துறைக்கும் அதே மொழியில் எழுத்து. அறுகோணத்தில் இரண்டுக்கும் உள்ள தூரமே பொருத்தத்தின் அளவு. அமெரிக்கத் தொழிலாளர் துறை பராமரிக்கும் ஓ-நெட் என்ற தொழில் தரவுத்தளம் இந்த ஆறு வகைகளின்படிதான் தொழில்களைக் குறிக்கிறது. அதற்கான ஆர்வ வினாத்தாளை இணையத்தில் எவரும் கட்டணமின்றி நிரப்பலாம்.

இங்கேயும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் எந்தத் துறைக்குள் நுழைவார், அதில் நீடிப்பாரா என்பதை ஆர்வம் ஓரளவு முன்கூட்டியே சொல்கிறது. ஆனால் ஆர்வப் பொருத்தத்துக்கும் வேலை நிறைவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 எனக் காட்டும் அளவு) 0.2ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஊதியம், மேலாளர், பயண நேரம், குடும்பச் சூழல் ஆகியவற்றுக்கு நிறைய இடம் மிஞ்சுகிறது. மேலும், வினாத்தாள் கேட்பது பிடிக்குமா என்றுதான், முடியுமா என்று அல்ல. ஆய்வு வகையில் உச்ச மதிப்பெண் பெற்றவருக்கு நுண்கணிதம் வருமா என்பதை அந்தத் தாள் அறியாது.

வயதும் ஒரு காரணி. ஆர்வங்கள் எவ்வளவு நிலையானவை என்பது பற்றிய நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான பகுப்பாய்வின்படி, 18 வயதிலிருந்து 22 வயதுக்குள் அவற்றின் உறுதி வேகமாகக் கூடுகிறது. பாடத்தை இரண்டாம் ஆண்டில் அறிவிக்கும் அமெரிக்க மாணவருக்கு இது சாதகமானது. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு உயிரியலா கணினி அறிவியலா வணிகவியலா என்று குரூப் எடுக்க வேண்டிய தமிழ்நாட்டு மாணவருக்கோ வயது 15. அந்த வயதில் நிரப்பும் வினாத்தாளை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆறு வகைகளிலும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெறும் மாணவர்களும் இந்த வயதில் உண்டு. பெற்றோர் அதை 'எதிலும் ஆர்வமில்லை' என்று படித்துக் கவலைப்படுகிறார்கள். ஆனால் பற்றவைப்பையோ, சந்தையில் விற்பதையோ, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதையோ ஒருமுறைகூடச் செய்து பார்க்காதவர், அவை பிடிக்குமா என்ற கேள்விக்கு ஊகத்தால்தான் விடையளிக்க முடியும். அத்தகைய மாணவர் அந்தத் தாளை விடுமுறையில் எவற்றைச் செய்து பார்க்கலாம் என்ற பட்டியலாகப் பயன்படுத்திவிட்டு, ஓராண்டு கழித்து அதே கேள்விகளுக்கு மீண்டும் விடையளிப்பது கூடுதல் பயன் தரும்.