பச்சைப் படிகத்தைக் கெடுப்பது போர்வெல் தண்ணீரும் வெயிலும்தான்

அணைவுச் சேர்மம் (நடுவிலுள்ள உலோக அயனியைச் சுற்றி மற்ற அயனிகளோ மூலக்கூறுகளோ இறுகப் பிடித்திருக்கும் சேர்மம்) தயாரிப்பு என்று சொல்லிவிட்டு மோர் உப்பையோ (பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்) படிகாரத்தையோ செய்து காட்டுவது பள்ளிகளில் பழகிப்போன தவறு. அவை இரட்டை உப்புகள்; நீரில் கரைந்ததுமே தனித்தனி அயனிகளாகப் பிரிந்துவிடும். அணைவைக் கண்ணெதிரே காட்ட, இரும்பை மூன்று ஆக்சலேட் அயனிகள் பிடித்திருக்கும் பொட்டாசியம் டிரைஆக்சலேட்டோபெர்ரேட்டின் பச்சைப் படிகமே நல்லது. மதுரைப் பக்கம் இது சொதப்புவதற்கு முக்கியக் காரணங்கள் தண்ணீரும் வெயிலும்.

முதலில் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும் ஊரில் போர்வெல் தண்ணீரை இதற்குத் தொடவே கூடாது. அதிலுள்ள கால்சியம், ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட்டாக வெள்ளையாகக் கலங்கும். வடிகட்டினாலும் நுண்துகள் தாளுக்குள் நழுவிவிடும். எனவே கழுவுவது உட்பட எல்லாவற்றுக்கும் வாலைவடிநீர்தான் (காய்ச்சி ஆவியைக் குளிர்வித்துப் பிடித்த நீர்).

நீரேறிய பெரிக் குளோரைடு 3.5 கிராம் எடுத்து 20 மில்லி நீரில் கரையுங்கள். பாட்டிலில் 'நீரற்றது' என்றிருந்தால் 2.1 கிராம் போதும். லேபிளைப் பார்க்காமல் எடைபோட்டால் கணக்கு முழுவதும் தவறும். 3 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 25 மில்லி நீரில் கரைத்து, கலக்கியபடி இதில் ஊற்றினால் செம்பழுப்பு வீழ்படிவு (கரையாமல் பிரியும் திண்மம்) வரும். வெந்நீரில் மூன்று முறையாவது கழுவுங்கள். கழுவிய நீரில் நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தெரியக் கூடாது; தெரிந்தால் குளோரைடு இன்னும் போகவில்லை. வீழ்படிவை மறுநாளுக்கு வைக்காதீர்கள். காய்ந்து பழசாகிவிட்டால் கரைய அடம்பிடிக்கும்.

இன்னொரு பீக்கரில் 30 மில்லி வெந்நீரில் 5 கிராம் ஆக்சாலிக் அமிலம், பிறகு சிறிது சிறிதாக 2.5 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. (கடையில் வாங்கும் வில்லைகளில் நீரும் இருக்கும், சுத்தம் சுமார் 85 சதவீதம்தான், அதை இந்த அளவிலேயே சேர்த்தாயிற்று.) சூடான இந்தக் கரைசலில் வீழ்படிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் பச்சை வரும். கரையாமல் நின்றதை வடிகட்டிவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் (வாட்டர் பாத்) மேல் வைத்துப் பாதி அளவுக்குச் சுண்டவையுங்கள். நேரடித் தீயில் வற்றவிட வேண்டாம்.

இந்த உப்பு 100 மில்லி நீரில் 0 டிகிரியில் 5 கிராம்கூடக் கரையாது. கொதிநிலையில் நூறு கிராமுக்கு மேல் கரையும். எனவே அறை வெப்பமே 35 டிகிரி இருக்கும்போது 'படிகம் விழவில்லை' என்று புலம்பிப் பயனில்லை. ஐஸ்கட்டிக்குள் பீக்கரை இறக்கி, கருப்புத் துணியால் மூடுங்கள். கணக்குப்படி 6.4 கிராம் வரை கிடைக்கும். 4 கிராம் வந்தாலே நல்ல கைதான்.

சீக்கிரம் காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தால் போச்சு. ஒளி பட்டதும் பெரிக் நிலையிலுள்ள (Fe³⁺) இரும்பு பெர்ரஸ் நிலைக்கு (Fe²⁺) இறங்கி, ஆக்சலேட்டின் ஒரு பகுதி கார்பன் டைஆக்சைடாகப் பறந்துவிடும். பச்சையின் மேல் மஞ்சள் பூத்திருந்தால் அது பெர்ரஸ் ஆக்சலேட். ஒளியின் அளவை அறியவே இந்த உப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதன் கூச்சம் புரியும்.

அணைவுதானா என்று பார்க்க, கரைசலில் பொட்டாசியம் தயோசயனேட் விடுங்கள். பெரிக் குளோரைடில் போல ரத்தச் சிவப்பு வராது. நீர்த்த கந்தக அமிலம் விட்ட பிறகுதான் சிவக்கும். அமிலம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ள, இரும்பு வெளியே வருகிறது.

ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. பிப்பெட்டில் வாயால் உறிஞ்சவே கூடாது. மஞ்சளாகிப்போன படிகத்தைக் கொட்ட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் போட்டு, சிட்டிகை ஆக்சாலிக் அமிலமும் சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் மீண்டும் பச்சையாகும். 40 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் பெராக்சைடு வீணாகச் சிதையும்.