ஸ்கூபா: சொல்லும் தமிழும்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடலுக்கு அடியில் இறங்கிப் பார்த்துவிட்டு வர, பாளையங்கோட்டைப் பக்கத்து இளைஞர்கள் இப்போது புதுச்சேரி வரை போகிறார்கள். அவர்கள் அதை ‘ஸ்கூபா’ என்கிறார்கள். செய்தித்தாள்கள் ‘ஆழ்கடல் நீச்சல்’ என்று எழுதுகின்றன. கொற்கைத் துறையில் முத்துக் குளித்த நாட்டுக்காரர்களாகிய நமக்கு இரண்டும் போதா.

‘ஸ்கூபா’ எந்த வேரிலிருந்தும் கிளைத்த சொல் அன்று. ‘தன்னிறைவான நீரடி மூச்சுக் கருவி’ எனப் பொருள்படும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. அதை ஆக்கியவராக அறியப்படுபவர் கிறிஸ்டியன் லாம்பெர்ட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் படையினருக்குச் செய்து கொடுத்தது, வெளிவிட்ட மூச்சைத் தூய்மையாக்கி மறுபடியும் தரும் ஆக்சிஜன் கருவி. இன்று பொழுதுபோக்காக இறங்குவோர் சுமப்பதோ, 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் வடிவமைத்த, உள்ளிழுக்கும்போது மட்டும் காற்றைத் திறந்துவிடும் கருவியின் வழிவந்தது.

பெயரில் உயிரான பகுதி ‘தன்னிறைவு’ என்பதே. தூத்துக்குடிச் சங்குகுளித் தொழிலாளர்கள் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாய் வழியே மூச்சு வாங்கி வேலை செய்வதுண்டு. அது ஸ்கூபா ஆகாது. இறங்குபவர் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே சுமந்து செல்வதுதான் ஸ்கூபா. அந்தக் கலனை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்பதும் பிழை. அதில் பொதுவாக இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபடி ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே சென்றால் அது நஞ்சாகி வலிப்பு வரக்கூடும்.

‘ஆழ்கடல்’ என்று கடலாய்வாளர் சொல்வது 200 மீட்டருக்கும் கீழே உள்ளதை; புதிதாகப் பயின்றவருக்கு வழக்கமான எல்லையோ 18 மீட்டர். ‘நீச்சல்’ என்பது நீரைக் கடப்பதைக் குறிக்குமே தவிர, அதற்குள் இறங்குவதைக் குறிக்காது.

இறங்குவதற்கு நம்மிடம் ‘குளி’ இருக்கிறது. இன்று குளியலறையோடு சுருங்கிவிட்ட இவ்வினைக்கு, உள்ளே புகுதல், மூழ்குதல் என்ற பொருள்கள் உண்டு. அம்பு மார்பில் தைத்ததையும் பழைய புலவர்கள் ‘குளித்தது’ என்றார்கள். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்ற தொழிற்பெயர்களில் அப்பொருள் இன்றளவும் தங்கியிருக்கிறது. கொற்கைப் பரதவர் சுறாவை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கியதை அகநானூறு பாடுகிறது. நெல்லைப் பேச்சில் ஆற்றில் ‘முங்கி’ எழுகிறோம். ‘முங்கு நீச்சல்’ அடிக்கிறோம். ‘முக்குளி’ என்ற வினையும் உயிரோடு இருக்கிறது. நம் குளங்களில் சட்டென மூழ்கி வேறோரிடத்தில் தலைகாட்டும் சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்றே பெயர். ஈழத்தார் மூழ்குபவரைச் ‘சுழியோடி’ என்கிறார்கள். அதுவும் அழகான சொல்.

ஆனால் வெறும் ‘முக்குளிப்பு’ என்று நிறுத்திக்கொள்ள இயலாது. 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த காலம் வரை, கல்லின் பாரத்தால் ‘பார்’ எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டில் இறங்கியவர் மூச்சை அடக்கித்தான் சிப்பி பொறுக்கினார். கலனோடு இறங்குபவருக்கு முதல் பாடமே அதற்கு நேர்மாறானது: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், அங்கே இழுத்த காற்றை அடக்கியபடி மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே தமிழ்ப் பெயரில் மூச்சும் இடம்பெற வேண்டும்.

கருவியை ‘தன்மூச்சுக்கலன்’ என்றும், செயலை ‘மூச்சுக்கலன் முக்குளிப்பு’ என்றும் நான் எழுதுகிறேன். பேச்சில் ‘கலன் குளிப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘சங்குகுளி’ போலக் ‘கலன்குளி’ என்றாலும் நம் கடற்கரையில் யாருக்கும் விளங்கும்.