போர்வெல் தண்ணீரின் செந்நிறக் கசடும் குளத்துச் சேற்றின் காந்த பாக்டீரியாவும்

போன மாதம் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தென்னை விவசாயி எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீர். அடியில் செங்காவி நிறத்தில் வழுவழுவென்று கசடு.

"ஏனுங்க அம்மணி, இது சொட்டுநீர் டிரிப்பரையெல்லாம் அடைச்சுப் போடுது. இரும்பு திங்கிற கிருமியாம். குழாய் மேல காந்தத்தைக் கட்டினா ஓடிப்போயிருமுன்னு ஒருத்தர் விலை சொல்லிட்டுப் போயிருக்காருங்க. வாங்கலாமுங்களா?"

"வேண்டாமுங்கய்யா" என்றேன்.

இரண்டு வேறு வேறு உயிர்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். டிரிப்பரை அடைப்பது காலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் போன்ற இரும்பு பாக்டீரியா. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடக்கும் இரும்பு, மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிறது. அந்தத் துருவோடு இவை பிசினையும் சேர்த்துப் படியவிடும். அதைக் கைக்காந்தம் இழுக்காது. அவர் பாட்டிலின் பக்கத்திலேயே காந்தத்தை வைத்துக் காட்டினேன். கசடு அசையவே இல்லை.

காந்தத்துக்குத் திரும்பும் பாக்டீரியா உண்மையிலேயே உண்டு. அது குளம், ஏரி, கடலோரச் சேற்றில் வாழ்வது. 1963இல் இத்தாலியின் பாவியாவில் சல்வதோர் பெல்லினி அதைக் கவனித்தார். 1975இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளேக்மோர் எழுதிய பிறகுதான் உலகம் அறிந்தது. அதன் உடம்புக்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் மணிகள் மாலை கோத்ததுபோல வரிசையாக இருக்கும். ஒரு மணி 35 முதல் 120 நானோமீட்டர் வரை. நம் சேலம் கஞ்சமலைக் கல்லில் இருக்கும் அதே இரும்புத் தாதுதான். கந்தகம் மிகுந்த உப்புச் சேற்றில் வாழும் சில வகைகள் கிரைகைட் என்ற இரும்பு சல்பைடைச் செய்துகொள்கின்றன.

நொய்யல் தண்ணீர் வரும் ஒரு குளத்தின் மேல்சேற்றைக் கொஞ்சம் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். காந்தத்தைச் சேற்றுக்குச் சற்று மேலே, பாட்டிலின் வெளிப்பக்கம் அரைமணி நேரம் வைத்து, அங்கிருந்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் காட்டினேன். புள்ளிப் புள்ளியாக எல்லாம் ஒரே ஓரத்துக்கு விரைந்தன. காந்தத்தைத் திருப்பினேன். அத்தனையும் வட்டமடித்துத் திரும்பி வந்தன. பெரியவர் கண்ணை எடுக்கவே இல்லை. காந்தம் அவற்றை இழுப்பதில்லை, திசையை மட்டும் காட்டுகிறது. நீந்துவது அவையேதான். செத்த பாக்டீரியாவும் திரும்பும், ஆனால் நகராது.

ஆக்சிஜன் கொஞ்சமாக இருக்கும் மெல்லிய அடுக்குதான் அவற்றுக்குப் பிடிக்கும். பெரும்பாலும் அது சேறும் தண்ணீரும் சேரும் இடம். வடக்கே போகப் போகப் பூமியின் காந்தக்கோடு கீழ்நோக்கிச் சாயும், அதைப் பிடித்து இறங்கினால் சேறு வந்துவிடும். நம் கொங்கு நாட்டில் அந்தச் சாய்வு மிகக் குறைவு. சாய்வே இல்லாத காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் அதுதான் காரணம். அதே நடுக்கோட்டருகே பிரேசிலில் இந்தப் பாக்டீரியாவை ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே வடக்கே நீந்துபவையும் தெற்கே நீந்துபவையும் ஏறக்குறையச் சரிபாதி. அதனால் நான் பாட்டிலின் இரண்டு பக்கமும் காந்தம் வைப்பேன்.

சரி, கசடுக்கு என்ன வழி? இரும்பு பாக்டீரியா நோய் தருவதில்லை, ஆனால் போருக்குப் போர் தொற்றும். ஒரு போரிலிருந்து ஏற்றிய மோட்டாரையும் பைப்பையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவாமல் அடுத்த போரில் இறக்க விடாதீர்கள். போரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யலாம், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். டிரிப்பர் பொருத்திய லேட்டரல் குழாயின் முனையைத் திறந்து அடிக்கடி கழுவி விடுங்கள். டிரிப்புக்கு ஆசிட் விடுபவர்கள் குளோரினையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். கிளம்பும் வாயு உயிருக்கே ஆபத்து.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "வருசா வருசம் குளத்து வண்டல் அடிக்கிறமே, அதுலயும் இந்தப் பூச்சி வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்குமுங்கய்யா. வெயில்ல காஞ்சா பெரும்பாலும் செத்துப் போயிருமுங்க. ஆனா அந்தக் காந்த மணி மட்டும் உங்க தோட்டத்து மண்ணுல ரொம்ப நாளைக்குக் கிடக்குமுங்க."