பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் தட்டு

கல்லூரியில் சேர்ந்த புதிதில், மதிய இடைவேளை மணி அடித்ததும் என் தோழி நூலகத்துக்குக் கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவளிடம் சாப்பாட்டு டப்பாவும் இல்லை, கேன்டீனுக்குக் காசும் இல்லை. எல்லோரும் சாப்பிடுகிற அந்த முக்கால் மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாங்கள் இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே பத்தாம் வகுப்பு வரை அவள் ஒரு மதியம்கூடப் பட்டினி கிடந்ததில்லை. சத்துணவு இருந்தது.

அவள் வீட்டில் பேசுவது ஒடியா. அப்பா அம்மா பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் பக்கம் வந்தவர்கள். அவள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். எங்கள் வரிசையில் அவள் ஒருத்தி, முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளை ஒருவன், ஊர்த் தெருவிலிருந்து வருகிறவர்கள், காலனியிலிருந்து வருகிறவர்கள், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள். தட்டை நீட்டினால் சோறு விழும். நீ யார், எந்த ஊர், கார்டு இருக்கிறதா என்று சத்துணவு அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அது அந்த அக்காவின் நல்ல மனசு மட்டும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு மாணவருக்குச் சாப்பாட்டில் எதுவரை உரிமை, எங்கே அது சலுகையாக மாறுகிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 5ஆம் பிரிவு இருக்கிறது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி எதுவானாலும், எட்டாம் வகுப்பு வரை, அல்லது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு, விடுமுறை தவிர எல்லாப் பள்ளி நாளும் ஒரு வேளை மதிய உணவு இலவசம் என்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். ரேஷன் கார்டு வேண்டாம், சாதிச் சான்றிதழ் வேண்டாம், வருமானச் சான்றிதழும் வேண்டாம். வேறு மாநிலத்திலிருந்து நேற்று வந்து சேர்ந்த பிள்ளைக்கும் இன்றைக்குத் தட்டு உண்டு.

தமிழ்நாடு இதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு எட்டயபுரத்தில் தொடங்கிப் பரவியது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவாக்கினார். கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். எங்கள் வரிசையில் அந்த ஒருவனுக்குப் பழம் விழும்போது யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அவனவன் தட்டில் அவனவனுக்கு ஆனது, ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்தி. பள்ளி எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இது பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

மத்திய சட்டம் எட்டோடு நிற்கிறது. தமிழ்நாடு தன் செலவில் பத்தாம் வகுப்பு வரை போடுகிறது. காலை உணவு தனித் திட்டம்: 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை மட்டும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சாம்பாரோடு. நான்காம் வகுப்பில் இருக்கும் என் தங்கை இதைச் சாப்பிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாள். எனக்கு அந்த வயதில் முதல் இரண்டு பாடவேளையும் வயிற்றோடு பேசியே கழிந்தன. அதனால் இந்தத் திட்டத்தைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

சாப்பாடு போடாவிட்டால் என்ன செய்வது என்பது பெற்றோர் பலருக்கும் தெரியாது. 2015இன் மதிய உணவு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தானியம் வரவில்லை, விறகோ கேஸோ இல்லை, சமையலர் வரவில்லை என்று ஒரு பள்ளி நாளில் உணவு நின்றால், அந்தப் பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புப் படி தரவேண்டும். அதாவது, அன்றைக்கு உரிய தானியமும் அதற்கான சமையல் செலவுப் பணமும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். தொடர்ந்து மூன்று பள்ளி நாள், அல்லது ஒரு மாதத்தில் ஐந்து நாள் நின்றால், யார் பொறுப்பு என்று மாநில அரசு கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவேண்டும். பொருள் தற்காலிகமாகத் தீர்ந்துபோனால் பள்ளியில் இருக்கும் வேறு நிதியை எடுத்துச் சமைக்கத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் இருக்கிறது. “பில் வரவில்லை, நாங்கள் என்ன செய்வோம்” என்று யாராவது சொன்னால், இந்த விதியை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். ஒன்றை மறக்கவேண்டாம்: சாப்பாடு இருந்தும் பிள்ளை சாப்பிடாமல் விட்டால் படி கிடையாது. சோறு சரியில்லை என்பதற்கும் படி கேட்க முடியாது. அது தரம் பற்றிய புகார், அதைத் தனியாகக் கொடுக்கவேண்டும்.

புகாரை முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை, பேசவேண்டிய இடமும் அதுதான். அங்கேயும் நடக்கவில்லையென்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, ‘முதல்வரின் முகவரி’ என்ற முதலமைச்சர் குறைதீர்ப்பு எண் 1100. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பு அலுவலர், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம் என்று வழி இருக்கிறது.

பந்தியைப் பற்றி இன்னொன்று. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் பணியில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. சமைத்தவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிடவேண்டாம் என்று தடுக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்காரவைப்பதும், தனித் தட்டு வைப்பதும், சமையலரை மாற்றச் சொல்லி மிரட்டுவதும் ஊர் வழக்கம் என்று விட்டுவிடும் காரியமல்ல. 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. இதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் சமாதானம் பேசி முடிக்காமல் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

பதினோராம் வகுப்பில் தட்டு நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வுக்கு ராத்திரி பகலாகப் படிக்கிற, வளர்கிற உடம்புக்குப் பசி அதிகமாகிற வயதில், அதே பள்ளியில், அதே சத்துணவுக் கூடத்தைத் தாண்டிக்கொண்டு வீட்டிலிருந்து கட்டிவந்ததைத் தின்னவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கவேண்டும். தம்பி தங்கைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். இரண்டு வகுப்புக்குச் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

கல்லூரிக்குப் போனதும் சாப்பாடு பணமாக மாறுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இது 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 முதல், அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதுவானாலும் உண்டு. தபால்வழிப் படிப்புக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகிறது. உங்கள் கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கவேண்டும். பணம் நிற்பது பெரும்பாலும் இந்த இணைப்பில்தான், அதனால் சேரும் வாரத்திலேயே வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் இதை வாங்குகிறேன். நாளுக்கு 33 ரூபாய் ஆகிறது. பஸ்ஸுக்குப் போக மீதியில் ஒரு டீயும் பன்னும். குறை சொல்லவில்லை, இது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் என்னைப் படிக்க அனுப்பியிருக்கமாட்டார்கள். ஆனால் என் தோழிக்கு இது இல்லை. அவள் ஆறாம் வகுப்பை ஒடிசாவில் படித்தாள். ஒரே ஒரு வருடம்.

விடுதியும் அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்கலும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்கவேண்டும் என்று விதி. மாணவிகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிற பெண்கள் நிறையப் பேர். கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது, நாளுக்கு 50 ரூபாய். ஆனால் சேர்வதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒடிசாவில் பட்டியலில் இருக்கும் குடும்பம் பிழைப்புக்காக இங்கே வந்தால் அந்தச் சான்றிதழ் இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பள்ளித் தட்டு கேட்காத கேள்விகளையெல்லாம் கல்லூரியில் ஒவ்வொரு உதவியும் கேட்கிறது.

அவள் வீட்டுக்குக் கடைசியில் கைகொடுத்தது ரேஷன். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. ஒடிசாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு வைத்திருப்பவர்கள் ஆதார் விரல்ரேகை வைத்து இங்குள்ள கடையிலேயே தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் வாங்கலாம். 2023 ஜனவரி முதல் அது இலவசம். ஊரில் இருப்பவர்கள் அங்கே ஒரு பங்கு, இங்கே இருப்பவர்கள் இங்கே ஒரு பங்கு என்று பிரித்தும் வாங்கலாம். இந்த விஷயம் அவள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. கடையில் முதலில் “வெளிமாநிலக் கார்டு இங்கே எடுக்காது” என்றார்கள். நாங்கள் இருவரும் போய்த் திட்டத்தின் பெயரைச் சொல்லி நின்றோம். இரண்டாவது தடவை போனபோது அரிசி கொடுத்தார்கள்.

மாநகராட்சிப் பகுதியில் படிப்பவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். அங்கே யாரும் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. கல்லூரி மாணவர்கள் அங்கே போகக் கூச்சப்படுகிறார்கள், பஸ் ஸ்டாண்டில் வேலை செய்பவர்கள் சாப்பிடுகிற இடம் என்று. கூச்சப்படாதீர்கள்.

இப்போது அவள் டப்பா கொண்டுவருகிறாள். ரேஷன் அரிசிச் சோறு, கூட ஏதாவது பருப்பு. மதியம் இருவரும் மாமரத்தடியில் உட்காருகிறோம். போன வாரம் முதலாமாண்டுப் பையன் ஒருவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நூலகப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவள்தான் எழுந்துபோய், “தம்பி, சாப்டியா?” என்று கேட்டாள்.