அந்த மூன்று வரிக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

கொழும்பு புதுக்கடையில் தொழில் வழக்குகள் பார்க்கிற சட்டத்தரணி நான். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள், ஹோட்டல் ஊழியர்கள், செக்யூரிட்டி வேலை செய்கிற வயதானவர்கள் என்றுதான் பல வருஷமாக என்னிடம் ஆட்கள் வந்தார்கள். இப்போது இரண்டு மூன்று வருஷமாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. வீடியோ கேம் வேலை செய்கிற இளம் பிள்ளைகள். வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு இங்கிருந்தே 3டி உருவம் செய்து கொடுக்கிறவர்கள், வெளியீட்டுக்கு முன் கேமை இரவு பகலாக விளையாடிப் பிழை தேடுகிறவர்கள்.

போன வருஷம் வலது மணிக்கட்டில் பட்டி கட்டியபடி ஒரு தம்பி வந்தார். வாள், கவசம், தலைக்கவசம் என்று செய்து செய்து கை போய்விட்டது. நாலாக மடித்த ஒரு தாளை மேசையில் வைத்தார். விரித்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் மூன்றே வரி: சொந்தக் காரணங்களுக்காகப் பதவி விலகுகிறேன், எனக்கு வர வேண்டியது எதுவுமில்லை. பெயரும் கையெழுத்தும் வைக்க மட்டும் இடம் விட்டு, மீதியை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு புரொஜெக்ட் நின்றுவிட்டது, இதில் கையெழுத்து வைத்தால் ஒரு மாதச் சம்பளமும் நல்ல சேவைக் கடிதமும் தருவோம், இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது என்று. பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஐந்து மணிக்கு ஈமெயில் திறக்கவில்லை.

"பயத்தில வைச்சிட்டன் சேர்" என்றார். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சொல்வது இதைத்தான்.

புரொஜெக்ட் நின்றது பொய்யில்லை. கொரோனாக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் இருந்து கேம் விளையாடியது, கடனும் மலிவாகக் கிடைத்தது, கொம்பனிகள் அள்ளி அள்ளி ஆள் சேர்த்தன. பிறகு வட்டி ஏறியது, ஆட்கள் வீட்டை விட்டு வெளியே போகத் தொடங்கினார்கள், ஒரு பெரிய கேமின் செலவோ கோடிக்கணக்கான டொலருக்குப் போய்விட்டது. 2023 செப்டெம்பரில் ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் கொம்பனி சுமார் 830 பேரை நிறுத்தியது. 2023 ஒக்டோபரில் 68.7 பில்லியன் டொலர் கொடுத்து அக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற கேம் கொம்பனியை வாங்கிய மைக்ரோசொஃப்ட், மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அதே மாதம் கேம் செய்கிற மென்பொருளைத் தருகிற யூனிட்டி சுமார் 1,800 பேர், அடுத்த மாதம் சோனி பிளேஸ்டேஷன் சுமார் 900 பேர். வேலை தெரியாதவர்களை அனுப்பினார்கள் என்று நினைக்காதீர்கள். 2023 இல் வந்து எல்லோரும் கொண்டாடிய ஹைஃபை ரஷ் கேமைச் செய்த டாங்கோ ஸ்டூடியோவையே 2024 மே மாதம் மூடப்போவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. அங்கே ஒரு கேம் கைவிடப்பட்டால் முதலில் நிற்பது வெளியே கொடுத்த வேலை. அதாவது கொழும்பில் இருக்கிற இந்தப் பிள்ளைகளின் வேலை.

சரி, வேலை நின்றுவிட்டது. அதனால் முதலாளி நினைத்தபடி அனுப்பலாமா? முடியாது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, வேலை முடிவுறுத்தலைப் பற்றியது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், முந்தைய 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் இரண்டு வழிதான்: அவருடைய எழுத்துமூலச் சம்மதம், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஆணையாளர் அனுமதி கொடுத்தாலும் நட்டஈடு உண்டு. முதல் ஐந்து வருஷச் சேவைக்கு வருஷத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. 120,000 ரூபா சம்பளத்தில் மூன்று வருஷம் முடித்தவருக்கு 900,000 ரூபா. ஒரு மாதச் சம்பளத்தை நீட்டி அந்த மூன்று வரிக் கடிதத்தை ஏன் அவ்வளவு அவசரமாக முன்னால் வைக்கிறார்கள் என்று இப்போது விளங்கும். உங்கள் கையெழுத்து விழுந்தால் அதுவே சம்மதம் ஆகிவிடும். மிரட்டி வாங்கியது என்று பிறகு வாதாடலாம், நானும் வாதாடுகிறேன், ஆனால் அதை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்.

15 பேருக்குக் குறைந்த இடமென்றால் இந்தச் சட்டம் வராது, தொழில் நியாயசபைக்குப் போகலாம். எந்த வழியானாலும் வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு போட வேண்டும். வேறு வேலை தேடித் தேடி இந்த ஆறு மாதத்தைக் கடத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இந்தத் துறையில் இன்னொரு பழக்கம், சேரும்போதே 'சுயாதீன ஒப்பந்தக்காரர்', அதாவது ஊழியர் இல்லை, என்று எழுதி வாங்குவது. ஊழியர் சேமலாப நிதி இல்லை, நம்பிக்கை நிதி இல்லை. பெயரை மட்டும் பார்த்து மனம் விடாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்வது யார், லீவு கொடுப்பது யார், கொம்பியூட்டர் யாருடையது, வேறு இடத்தில் வேலை செய்ய விட்டார்களா என்றுதான் விசாரணையில் கேட்பார்கள். ஊழியர் என்று முடிவானால் சம்பளத்தில் முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதமும் நம்பிக்கை நிதியின் 3 சதவீதமும் பாக்கியாக நிற்கும்.

வெளியீட்டுக்கு முன் மாதக்கணக்கில் பன்னிரண்டு, பதினாலு மணித்தியாலம் வேலை வாங்குவதை 'கிரஞ்ச்' என்கிறார்கள், ஏதோ இந்தத் தொழிலின் இயல்பு போல. அமெரிக்காவில் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கொம்பனி இதே மேலதிக நேரப் பிரச்சினையில் ஓவியக் கலைஞர்களுக்கு 15.6 மில்லியன் டொலரும் புரோகிராமர்களுக்கு 14.9 மில்லியன் டொலரும் கொடுத்துத்தான் வழக்குகளை முடித்தது. எங்கள் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் 1954 இலிருந்து இருக்கிறது: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. கேட்பதற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். இரவு ஒரு மணிக்கு 'இந்த ஃபைலை இப்பவே அனுப்பு' என்று வந்த வட்ஸ்அப், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் உங்கள் சொந்தப் போனில் வைத்திருங்கள். கொம்பனி லேப்டொப் ஒரு பின்னேரத்தில் பூட்டப்படும். கேம் படங்களையும் புரோகிராம் கோடையும் மட்டும் எடுக்காதீர்கள், அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தங்கச்சி லிஃப்ட் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் கோல் எடுத்தார். உள்ளே கடிதம் காத்திருக்கிறது, என்ன செய்ய என்று. கடிதத்தின் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதி, திகதியும் நேரமும் போட்டு, ஒரு பிரதி கேளுங்கள், தராவிட்டால் படம் எடுங்கள், வேறு எதிலும் கை வைக்காமல் வீட்டுக்குப் போங்கள் என்றேன். அப்படியே செய்தார். திங்கட்கிழமை நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போகத் தயாராக இருந்தோம், அதற்குள் அந்தக் கொம்பனியின் சட்டத்தரணி எனக்கு அழைப்பு எடுத்து எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.