தெப்பத்து நாதஸ்வரம் அக்கரைக்கு எப்படி வருகிறது

மாசியில் எங்கள் ஊர்க் குளத்தில் தெப்பம் ஓடும் அன்று நான் எப்போதும் மேற்குக் கரையில்தான் உட்காருவேன். தெப்பம் கிழக்குக் கரையில் கட்டிக் கிடக்கும், இடையில் நூறு மீட்டருக்கு மேல் தண்ணீர். ஆனாலும் நாதஸ்வரக்காரர் சீவாளியை எச்சிலில் நனைத்துவிட்டு ‘பீ’ என்று ஊதிப் பார்க்கிற சின்னச் சத்தம்கூட பக்கத்துப் படியில் இருந்து வருகிற மாதிரி கேட்கும். அதே ஆள் அதே இடத்தில் இருந்து வாசிக்க, அதே தூரத்தில் குளத்துக்கு வெளியே கருவேலங்காட்டுப் பக்கம் நின்று பாருங்கள், தவில் மட்டும் ‘தொம் தொம்’ என்று வரும், ராகம் பாதி காணாமல் போயிருக்கும். தூரம் ஒன்றுதான். இடையில் இருப்பது தண்ணீரா தரையா என்பதுதான் வித்தியாசம்.

“தண்ணி பாட்டக் கொண்டாந்து குடுக்கும்டா” என்பார் அப்பத்தா. அது அப்படியே உண்மை.

ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. அது தண்ணீரில் மோதினால் உள்ளே போகாது, ஏனென்றால் தண்ணீர் காற்றைப் போல 800 மடங்கு அடர்த்தி, அதை அசைக்கக் காற்றுக்குத் தெம்பு போதாது. நேராக மோதினால்கூட ஒலி ஆற்றலில் 1000 பங்கில் 1 பங்குதான் உள்ளே இறங்கும், மிச்சம் எல்லாம் திரும்பிவிடும். ஆக, காற்று இல்லாத ராத்திரியில் குளம் ஒலிக்கு ஒரு கண்ணாடி. நாதஸ்வரத்தில் இருந்து உங்கள் காதுக்கு ஒலி இரண்டு வழியில் வருகிறது, ஒன்று நேராக, இன்னொன்று தண்ணீரில் பட்டுத் தெறித்து. கண்ணாடி மாதிரி தெறிக்கும்போது அலையின் மேடு மேடாகவே திரும்பும், அதனால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பலமாகும். தரை அப்படி இல்லை. புல்லும் உழுத மண்ணும் துளை துளையானவை, அவற்றின் மேல் உரசிப் போகிற ஒலி திரும்பும்போது மேடு பள்ளமாக மாறிவிடுகிறது, நேராக வந்த அலையை அதுவே தின்றுவிடுகிறது. நொடிக்கு 200 முதல் 600 அதிர்வு வரை உள்ள ஒலிதான் இதில் அதிகம் அடிபடும். நாதஸ்வரத்தின் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை, அதாவது நொடிக்கு 300 அதிர்வுக்குப் பக்கம், கணக்காக அந்த அடிபடும் இடத்தில் போய் விழுகிறது. தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி அதற்குக் கீழே இருப்பதால் தப்பிவிடுகிறது. கருவேலங்காட்டில் ராகம் தொலைந்து தவில் மட்டும் நின்றதற்கு இதுதான் காரணம்.

சரி, பக்கத்து ஊரில் விடியற்காலையில் போடும் பக்திப் பாட்டு கண்மாய் தாண்டி நம் வீட்டு முற்றம் வரை வருகிறதே, மதியம் அதே பாட்டு ஏன் வருவதில்லை? இது வேறு விஷயம், இதில் காற்றின் சூடு வருகிறது. 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும், 30 டிகிரியில் 349. மதியம் நம் செட்டிநாட்டுச் செம்மண் கொதிக்கும், தரையை ஒட்டிய காற்று அதிகச் சூடு, மேலே போகப்போகச் சூடு குறைவு. அலையின் கீழ்ப்பாதி வேகமாகவும் மேல்பாதி மெதுவாகவும் போனால் அலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். மேகம் இல்லாத மாசி ராத்திரியில் தலைகீழ்: தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துவிடும், கீழ்க்காற்று குளிர்ந்து கிடக்க மேலே வெதுவெதுப்பு நிற்கும், அதனால் மேலே ஏறிய ஒலி வளைந்து திரும்பவும் கீழே இறங்கும். ஆனால் தெப்பக்குளத்துக்கு இதைக் காரணமாகச் சொல்வது சரியில்லை, நூறு மீட்டரில் ஒலி அவ்வளவு வளையாது, தண்ணீரும் பகல் சூட்டை ராத்திரி வரை வைத்திருக்கும். அக்கரைக்குக் கொண்டுவருவது தண்ணீர், அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது குளிர்ந்த காற்று.

அப்புறம் படிகள். நான்கு பக்கமும் கல் படி இருக்கிற ஊருணியில் ஆள் இல்லாத மத்தியானம் ஒரு கரையில் நின்று பளீரென்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். திரும்பி வருவது கை தட்டு மாதிரி இருக்காது, ‘க்வீக்’ என்று ஏதோ பறவை கத்தின மாதிரி இருக்கும். ஒவ்வொரு படியும் தன் பங்குக்கு ஒரு எதிரொலி அனுப்புகிறது, அடுத்த படி ஒரு அடி பின்னால் இருப்பதால் அதன் எதிரொலி போகவும் வரவுமாக இரண்டு அடி கூடுதலாக ஓடி வரவேண்டும். சீரான இடைவெளியில் நொடிக்கு 580 தடவை போல வந்து மோதுகிற இந்தச் சின்னச் சத்தங்களைக் காது ஒரு சுரமாகவே எடுத்துக்கொள்கிறது. படியின் அகலத்தை அளந்தால் சுரத்தைச் சொல்லிவிடலாம். மக்கள் நிறைந்து உட்கார்ந்தால் இது போய்விடும், துணியும் உடம்பும் ஒலியைக் குடித்துவிடும், அதனால் தெப்பத்தன்று படியில் இருந்து எதிரொலித் தொல்லையும் வராது.

வாத்தியமும் இதற்கென்றே செய்தது மாதிரிதான். நாதஸ்வரத்தின் உள்துளை மேலே குறுகிக் கீழே போகப்போக அகலும் கூம்பு, நுனியில் அணசு என்கிற விரிந்த வாய். சீவாளி நாணல் தட்டையில் செய்த இரட்டை நாக்கு, அது திறந்து மூடும்போது ஆதார சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று மேல் அதிர்வுகள் எல்லாம் சேர்ந்தே பிறக்கின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 4000 அதிர்வு வரை, அந்த இடத்தில் இந்த மேல் அதிர்வுகள் கொட்டிக் கிடக்கின்றன. கூம்புத் துளை என்பதில் சாக்ஸபோனும் இதே சாதிதான், நாக்கு மட்டும் அதற்கு ஒற்றை. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய வாத்தியம் அது. நாதஸ்வரம் வாசித்து வளர்ந்த கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தபோது நமக்கு அந்நியமாகவே தெரியாததற்கு இந்தக் கூம்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் மேடையாக நிற்கிற தெப்பம் எப்படி மிதக்கிறது? பல ஊர்களில் இன்று அடியில் இருப்பது காலி பீப்பாய்கள். 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் முழுக்க அமிழ்ந்தால் 200 கிலோ தண்ணீரை விலக்கும், தன் எடை 20 கிலோ போனால் 180 கிலோ தாங்கும். நாற்பது பீப்பாய் கட்டினால் ஏழு டன்னுக்கு மேல், ஆனால் பாதிக்கு மேல் ஏற்றக்கூடாது. மேலே மண்டபம், அலங்காரம், சுவாமி, அர்ச்சகர், மேளக்காரர்கள் என்று பாரம் உயரமாக நின்றும் அது கவிழாததற்குக் காரணம் அடிப்பரப்பின் அகலம்: ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் பீப்பாய்கள் கூடுதலாக அமிழும், தண்ணீர் அவற்றைக் கூடுதலாக மேலே தள்ளி நிமிர்த்திவிடும். தேரை நகர்த்த ஊரே கூடவேண்டும், தெப்பத்தைக் கரையில் இருந்து கொஞ்சம் பேர் வடம் பிடித்தாலே போதும். தண்ணீரில் ‘கிளம்ப மாட்டேன்’ என்கிற உராய்வு கிடையாது, எதிர்ப்பு வேகத்தோடுதான் ஏறும், அதுவும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் மெதுவாக இழுப்பதுதான் சுகம், பக்கவாட்டில் அலையும் கிளம்பாது, கண்ணாடியும் உடையாது.

போன வருடம் கரையில் ஒரு கடைக்காரர் குழாய் ஒலிபெருக்கியில் விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தார், கல்யாணி ஆலாபனை முழுக்க அதில் மூழ்கிவிட்டது. மனசு வலித்தது. காசு வாங்காமல் ஊருக்கே கேட்கிற கச்சேரி, ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கிறபடி முன்னோர் வெட்டி வைத்த குளம். திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்தில் படியெல்லாம் அகல் விளக்கு எரியும்போது குழல் விளக்கை அணைக்கச் சொல்கிற நாம், அந்த ஒரு மணி நேரம் குழாயையும் நிறுத்தச் சொல்லலாம்.

நேராக வந்த ஒலியும் தெறித்த ஒலியும் மிகச் சரியாகச் சேர்வது தண்ணீரை ஒட்டிய உயரத்தில். அங்கே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பு. மேல்படியில் வசதியாக இடம் இருந்தும் அப்பத்தா வருடா வருடம் முட்டிவலியோடு இறங்கிப் போய், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கடைசிப் படியில்தான் உட்காருவார். காலுக்குக் குளுமை என்று நினைத்திருந்தேன்.