தவணை தவறிய தடுப்பூசியை இனியும் போடலாமா?

தேதி தாண்டிவிட்டது, இனிப் போனால் நர்ஸம்மா திட்டுவார் என்று பயந்தே குழந்தையைத் தூக்கிப் போகாமல் இருக்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன தவணைக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்தியாவில் 1985 முதல் நடக்கும் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி முகாம் என எங்கே போட்டாலும் ஊசிக்குக் காசு கிடையாது. பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி. அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி உட்பட ஐந்து நோய்களுக்கு இந்த ஒரே ஊசி போதும். அதோடு போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் உண்டு. நிமோனியாவுக்கான ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும். தட்டம்மை-ருபெல்லா 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று.

சரி, தவறினால்? பிசிஜியை ஒரு வயது வரை போடலாம். தட்டம்மை-ருபெல்லாவுக்கு 5 வயது வரை இடமுண்டு. ஒரு வயதுக்குள் பெண்டாவேலன்ட் தொடங்காத குழந்தைக்கு அதற்குப் பதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியை 7 வயது வரை போடலாம். இடமிருக்கிறதே என்று தள்ளிப்போட்டுவிடாதீர்கள். கக்குவானும் நிமோனியாவும் கைக்குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும்.

வேலைக்காக ஊர் மாறிய குடும்பங்களின் குழந்தைகள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். செங்கல் சூளை, கட்டுமான இடம், குடிசைப் பகுதி என்று தேடிப்போய்ப் போடுவதற்காகவே 2014 டிசம்பரில் இந்திரதனுஷ் இயக்கம் தொடங்கப்பட்டது. சொந்த ஊருக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கும் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் வடமாநிலக் குடும்பம் இருந்தால் தயவுசெய்து இதை அவர்களிடமும் சொல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் இதை அவர்கள் யாரிடம் கேட்பார்கள்?

லேசான சளி, இருமல் இருந்தாலும் ஊசி போடலாம். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று காய்ச்சல் வருவது சகஜம். பாரசிட்டமால் அளவை செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தாலோ, விடாமல் அழுதாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டில் வழக்கமாகப் புதன்கிழமைதான் ஊசி நாள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.